கரண்ட் போய் வந்தாலும் மெயில் சேர்வர் தானாக எழும்ப: சுவர்ப் பிளக்கிலிருந்து மெயில் நுழையும் 25ஆம் போர்ட் வரை

வன்னியில் ஐப்பசிப் பின்னேரம் வானம் கறுத்து முதல் இடி விழுந்ததும் ஆக்கள் செய்கிற முதல் வேலை பிளக்கைக் கழற்றுவது. டிவி, ஃபிரிட்ஜ், ரவுட்டர், அலுவலக மூலையில் இருக்கிற சேர்வர் எல்லாம் கழறும். மழை விட்டதும் திருப்பிக் கொழுவுவார்கள். ஃபிரிட்ஜ் உடனே உறுமத் தொடங்கும். சேர்வரை யாரும் பார்க்க மாட்டார்கள். அடுத்த நாள் பத்து மணிக்கு யாரோ ஒருவர் "மெயில் வருகுதில்லை" என்று சொல்லும்போதுதான் அது எழும்பவேயில்லை என்று தெரியவரும். பராமரிக்கிறவர் வவுனியாவில் இருந்தால், ஒரு பவர் பட்டனை அமத்த முல்லைத்தீவுக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

"சேவையை எனேபிள் பண்ணிவிட்டேன், பிறகு ஏன் வரவில்லை?" என்று கேட்பவர்கள் அதிகம். எனேபிள், அதாவது கணினி எழும்பும்போது சேவையையும் தொடக்கச் சொல்வது, சங்கிலியின் கடைசி வளையம். அதற்கு முன்னால் பிளக், பயோஸ் (கணினியில் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்), கிரப் (லினக்சை ஏற்றிவிடும் நிரல்), டிஸ்க், நெட்வொர்க், மணிக்கூடு என்று ஆறு இருக்கின்றன. எது அறுந்தாலும் மெயில் வராது. இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எடுத்துக்கொண்ட உதாரணம்: டெபியன் 12 அல்லது உபுண்டு 22.04, 24.04 (இரண்டும் லினக்ஸ்) போட்ட பாவித்த டெஸ்க்டொப் ஒன்று. அதில் மெயிலை வாங்கவும் அனுப்பவும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியைத் திறந்து படிக்க டவ்கொட். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறது. தட்டும்போது அவற்றின் வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

பிளக்கும் பயோசும்

கணினியைத் தொடக்கி, மேக்குக்கு ஏற்றபடி எஃப்2, டிலீட் அல்லது எஃப்10 ஐ அமத்தி பயோசுக்குள் போங்கள். பவர் பகுதியில் கரண்ட் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று கேட்கும் ஒரு வரி இருக்கும். டெல்லில் அதன் பெயர் ஏசி ரிகவரி, எச்பியிலும் லெனோவோவிலும் ஆஃப்டர் பவர் லொஸ், ஏசூசில் ரிஸ்டோர் ஏசி பவர் லொஸ், கிகாபைட்டில் ஏசி பேக். தெரிவுகள் பொதுவாக மூன்று: பவர் ஒஃப், பவர் ஒன், லாஸ்ட் ஸ்டேட்.

பவர் ஒன் போடுங்கள். பல பேர் லாஸ்ட் ஸ்டேட் போடுகிறார்கள், கேட்க நியாயமாகவும் இருக்கிறது. ஆனால் இடி முழங்கும்போது பொறுப்பான ஒருவர் முறைப்படி ஷட்டவுன் செய்துவிட்டுத்தான் பிளக்கைக் கழற்றுவார். அப்போது கடைசி நிலை "நிற்பாட்டியது". திருப்பிக் கொழுவினால் அந்த நிலைக்கே போகும். கவனமாக நடந்துகொண்ட ஆளுக்குத்தான் சேர்வர் எழும்பாமல் கிடக்கும்.

அடுத்து, மதர்போர்ட்டில் இருக்கிற சிஆர்2032 பற்றரி. இது 3 வோல்ட் நாணயப் பற்றரி. பிளக் கழன்றிருக்கும் நேரத்தில் பயோஸ் அமைப்புகளையும் மணிக்கூட்டையும் காப்பது இதுதான். பாவித்த கணினி என்றால் வாங்கிய அன்றே புதிதாக மாற்றிவிடுங்கள். மீட்டரில் 2.7 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் யோசிக்கவே வேண்டாம். பற்றரி செத்தால் மூன்று பிழை ஒன்றாய் வரும். நீங்கள் போட்ட பவர் ஒன் அழிந்து பழைய நிலைக்குப் போகும். மணிக்கூடு பல வருடம் பின்னால் போகும். திரையில் "எஃப்1 ஐ அமத்தித் தொடரவும்" என்று வந்து, கீபோர்ட் இல்லாத சேர்வர் அப்படியே நிற்கும். இந்த மூன்றாவதைத் தவிர்க்க, ஹோல்ட் ஒன் என்ற வரி இருந்தால் அதை நோ எரர்ஸ் ஆக்குங்கள்.

பூட் வரிசையில் முதலாவது எஸ்எஸ்டியாக இருக்கட்டும். பின்னால் மறந்துபோய்க் குத்தியிருந்த ஒரு பென்டிரைவ் போதும், கறுப்புத் திரையில் நிற்க.

பயோசை விட்டு வெளியே வருமுன் ஒரு காப்பு வேலை. ஆர்டிசி அலாரம் அல்லது ரெசியூம் பை அலாரம் என்று ஒன்று இருக்கும். அதை நாளாந்தம் காலை ஒரு நேரத்துக்கு வையுங்கள். எல்லாம் தவறிப்போய் சேர்வர் படுத்திருந்தாலும் காலையில் தானாக எழும்பும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது. லினக்ஸ் வன்பொருள் மணிக்கூட்டை யுடிசியில் (உலகப் பொது நேரம்) வைத்திருக்கும், இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஆகவே காலை 6 மணிக்கு எழும்ப பயோசில் 00:30 என்று போட வேண்டும். 6:00 என்று போட்டால் பதினொன்றரைக்குத்தான் எழும்பும். சில மதர்போர்ட்டுகளில் ஈஆர்பி என்ற மின்சேமிப்பு இயக்கத்தில் இருந்தால் இந்த அலாரம் வேலை செய்யாது. அதை நிற்பாட்டுங்கள்.

வீட்டு மின்பெட்டியில் இருக்கிற ட்ரிப் சுவிட்சுக்கு மென்பொருள் மருந்து கிடையாது. இடியோடு ட்ரிப் விழுந்தால், சந்தியில் கரண்ட் வந்தாலும் உங்கள் அறைக்கு வராது. யாராவது கையால் தூக்க வேண்டும். அலுவலகம் திறக்கிறவருக்கு அதைச் சொல்லி வையுங்கள்.

யூபிஎஸ் இருந்தால் வரும் சிக்கல்

யூபிஎஸ் இருப்பது நல்லது. சின்ன யூபிஎஸ்களில் வழக்கமாக இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்ப்-மணிப் பற்றரியில் கணக்குப்படி 84 வாட்-மணி இருக்கிறது. கைக்குக் கிடைப்பது ஏறத்தாழ அதில் பாதி. 60 வாட் இழுக்கிற டெஸ்க்டொப்புக்குப் பற்றரி புதிதாக இருக்கும்போது அரை மணித்தியாலம், கொஞ்சம் கூடலாம். 2022 மார்ச் கடைசியில் அறிவித்த 13 மணி நேர மின்வெட்டு மாதிரி ஒன்று வந்தால் எந்தச் சின்ன யூபிஎஸ்சும் தாக்குப்பிடிக்காது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு மோதியதால் நாடே இருண்டது என்று அமைச்சர் சொன்னார். குரங்குக்கு வன்னியிலும் குறைவில்லை. ஆகவே யூபிஎஸ்சின் வேலை சேர்வரை ஒழுங்காக நிற்பாட்ட நேரம் தருவதுதான்.

சிக்கல் இங்கேதான். யூஎஸ்பி கேபிளால் இணைத்த யூபிஎஸ், பற்றரி இறங்கியதும் சேர்வருக்குச் சொல்லும். சேர்வர் ஷட்டவுன் ஆகும். யூபிஎஸ்சில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அந்த நேரம் பார்த்து ஊர்க் கரண்ட் வந்துவிடுகிறது. சேர்வரின் பக்கத்திலிருந்து பார்த்தால் கரண்ட் போகவேயில்லை. போகாத கரண்ட் திரும்பி வராது. பயோசின் பவர் ஒன் இயங்க வழியில்லாமல் சேர்வர் படுத்தே கிடக்கும்.

தீர்வு, சேர்வர் நின்ற பிறகு யூபிஎஸ் தன் வெளியீட்டை ஒருக்கால் வெட்ட வேண்டும். லினக்சில் நட் என்ற பொதி இதைச் செய்யும். யூபிஎஸ்மொன்.கொன்ஃப் கோப்பில் பவர்டவுன்ஃபிளாக் வரி இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமான மதிப்பு /ஈடிசி/கில்பவர். அது இருந்தால் ஷட்டவுனின் கடைசி நொடியில் "வெட்டி, கரண்ட் இருந்தால் திருப்பிக் கொடு" என்று யூபிஎஸ்சுக்குக் கட்டளை போகும். மலிவான யூபிஎஸ்களுக்கு பெரும்பாலும் நட்டிஆர்வி_கியூஎக்ஸ் டிரைவர் பொருந்தும், விலை கூடியவற்றுக்கு யூஎஸ்பிஹிட்-யூபிஎஸ்.

யூஎஸ்பி துவாரமே இல்லாத யூபிஎஸ் என்றால் இந்தப் பிரச்சினையே இல்லை. பற்றரி முடிந்ததும் சேர்வர் திடீரென்று சாகும், கரண்ட் வந்ததும் எழும்பும். முறைகேடுதான், ஆனால் போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு மெயிலை டிஸ்க்கில் உறுதியாக எழுதிய பிறகுதான் அனுப்புகிற பக்கத்துக்கு 250, அதாவது ஏற்றுக்கொண்டேன், என்று பதில் சொல்லும். ஏற்றுக்கொண்ட மெயில் இதனால் தொலையாது.

ரவுட்டரையும் அதே யூபிஎஸ்சில் கொழுவுங்கள். அது இழுப்பது கொஞ்சம்.

கிரப்பும் டிஸ்க்கும்

உபுண்டுவில் முந்தைய பூட் ஒழுங்காக முடியாவிட்டால் கிரப் மெனு தோன்றி 30 விநாடி நிற்கும். அது பெரிய குற்றமில்லை. குறைக்க வேண்டுமென்றால் /ஈடிசி/டிஃபோல்ட்/கிரப் கோப்பில் கிரப்_ரெகோர்ட்ஃபெயில்_டைம்அவுட்=5 என்று எழுதி, அப்டேட்-கிரப் ஓட்டுங்கள். அதே கோப்பில் லினக்ஸ் கட்டளை வரியில் எஃப்எஸ்சிகே.ரிப்பேர்=யெஸ் சேர்த்தால், டிஸ்க்கில் சின்னப் பிழை கண்டால் கேள்வி கேட்டு நிற்காமல் தானே திருத்திக்கொண்டு போகும்.

இரண்டாவது டிஸ்க்கில் மெயில் பெட்டிகளை வைத்திருப்பவர்கள் இந்தப் பந்தியை இரண்டு தரம் வாசியுங்கள். பூட் நேரத்தில் ஏற்ற வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியலான /ஈடிசி/எஃப்எஸ்டேப் கோப்பில் சாதாரணமாக எழுதிய டிஸ்க் ஒன்று கிடைக்காவிட்டால், சிஸ்டம்டி (லினக்சில் சேவைகளைத் தொடக்கி நடத்தும் நிரல்) 90 விநாடி பார்த்துவிட்டு எமெர்ஜென்சி மோடுக்குப் போய் ரூட் கடவுச்சொல் கேட்டு நிற்கும். தூரத்திலிருந்து உள்ளே போக உதவும் எஸ்எஸ்எச் கூட வராது. நோஃபெயில் என்ற சொல்லைச் சேர்த்தால் டிஸ்க் இல்லாமலும் பூட் முடியும். ஆனால் நோஃபெயிலை மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தால் அடுத்த ஆபத்து வரும். டிஸ்க் ஏறாத நேரத்திலும், அது ஏற வேண்டிய இடமான /வார்/விமெயில் என்ற வெறும் கோப்புறை இருக்கும். டவ்கொட் அதையே உண்மையான பெட்டி என்று நினைத்து எழுதும். ஆக்கள் திறந்தால் பெட்டி வெறுமை. பிறகு டிஸ்க் ஏறினால் இடையில் வந்த மெயில்கள் அதன் அடியில் மறைந்துபோகும். தேடி எடுப்பது பெரிய கரைச்சல்.

ஆகவே இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள். எஃப்எஸ்டேப்பில்:

நோஃபெயில்,எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=10எஸ்

பிறகு டவ்கொட்டுக்கு:

சுடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் டவ்கொட்

திறக்கிற கோப்பில்:

[யூனிட்]
ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபோர்=/வார்/விமெயில்

இனி டிஸ்க் ஏறாவிட்டால் டவ்கொட் தொடங்காது. போஸ்ட்ஃபிக்ஸ் மட்டும் எழும்பி, வருகிற மெயிலை வாங்கித் தன் வரிசையில் வைத்துக்கொள்ளும். வழக்கமான அமைப்பில் அது 5 நாள் வரை வைத்திருக்கும். இது வேலை செய்ய, போஸ்ட்ஃபிக்ஸ் நேரடியாகக் கோப்புறையில் எழுதாமல் எல்எம்டிபி (மெயிலைக் கைமாற்றும் ஒரு முறை) வழியாக டவ்கொட்டிடம் கொடுக்கும்படி இருக்க வேண்டும். டிஸ்க்கைச் சரிப்பண்ணியதும் டவ்கொட்டைக் கையால் ஒருக்கால் தொடக்குங்கள், அது தானாக வராது.

முழு டிஸ்க்கையும் குறியாக்கம் செய்து கடவுச்சொல் கேட்கும்படி வைத்திருந்தால், தானாக எழும்பும் பேச்சுக்கே இடமில்லை. இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்.

சேவையை எனேபிள் செய்வது

இது இரண்டு நிமிட வேலை.

சுடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் போஸ்ட்ஃபிக்ஸ் டவ்கொட்

எனேபிள் என்பது பூட் நேரத்தில் தொடக்கச் சொல்வது, --நவ் இப்போதே தொடக்குவது. டெபியனும் உபுண்டுவும் பொதியை நிறுவும்போதே இதைச் செய்துவிடும். அல்மாலினக்ஸ் போன்ற ரெட்ஹாட் வழி வந்தவற்றில் நீங்கள்தான் செய்ய வேண்டும், அங்கே நிறுவிய அன்று கையால் தொடக்கிவிட்டு மறந்துபோவது வழமை.

சிஸ்டம்சிடிஎல் இஸ்-எனேபிள்ட் போஸ்ட்ஃபிக்ஸ் என்று கேட்டால் எனேபிள்ட் என்று வர வேண்டும். மாஸ்க்ட் என்று வந்தால் யாரோ அந்தச் சேவையை முற்றாகப் பூட்டி வைத்திருக்கிறார்கள். முதலில் அன்மாஸ்க், பிறகு எனேபிள்.

டெபியன் 12இல் பலரைப் பயமுறுத்துகிற ஒன்று: ஸ்டேட்டஸ் பார்த்தால் போஸ்ட்ஃபிக்ஸ் "அக்டிவ், எக்சிட்டட்" என்று காட்டும். செத்துவிட்டது என்று நினைத்துத் திருப்பித் திருப்பித் தொடக்குவார்கள். அது வெறும் முகப்பு யூனிட் (சிஸ்டம்டிக்குச் சேவையை விவரிக்கும் கோப்பு). உண்மையாக ஓடுவதன் பெயர் போஸ்ட்ஃபிக்ஸ்@-. நிலை பார்க்கவும், பதிவு வாசிக்கவும், எடிட் செய்யவும் அந்தப் பெயரைப் பாவியுங்கள்.

டெஸ்க்டொப் சூழலோடு டெபியனை நிறுவியிருந்தால், யாரும் தொடாமல் இருக்கும்போது கணினி உறங்கப் போய்விடும். அழகாக எழும்பி, கொஞ்ச நேரம் ஓடிவிட்டு உறங்குகிற சேர்வரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் கட்டளையால் ஸ்லீப்.டார்கெட், சஸ்பெண்ட்.டார்கெட், ஹைபர்னேட்.டார்கெட் மூன்றையும் பூட்டுங்கள். மடிக்கணினியைச் சேர்வராக வைத்திருப்பவர்கள் லொகின்டி.கொன்ஃப் கோப்பில் ஹாண்டில்லிட்சுவிட்ச்=இக்னோர் என்றும் எழுத வேண்டும், இல்லையென்றால் மூடியதோடு சரி.

நெட்வொர்க் வருமுன் எழும்பினால்

கரண்ட் வந்ததும் சேர்வரும் ரவுட்டரும் ஒரே நேரத்தில் தொடங்கும். எஸ்எஸ்டி போட்ட சேர்வர் அரை நிமிடத்தில் தயார். ரவுட்டருக்கு இன்னும் ஓரிரு நிமிடம் வேண்டும். இந்த இடைவெளியில் இரண்டு பிழைகள் பிறக்கின்றன.

முதலாவது கெதியாகத் தெரியும். போஸ்ட்ஃபிக்சின் மெயின்.சிஎஃப் கோப்பில் ஐநெட்_இன்டர்ஃபேசஸ் வரியில் 192.168.1.10 மாதிரி ஒரு முகவரியைக் கட்டியிருந்தால், பூட் நேரத்தில் அந்த முகவரி இன்னும் கணினிக்கு வந்திருக்காது. "அப்படி ஓர் இன்டர்ஃபேஸ் இல்லை" என்ற ஃபேட்டல் பிழையோடு போஸ்ட்ஃபிக்ஸ் நின்றுவிடும். அந்த வரியை ஓல் ஆக்குங்கள். யாரை உள்ளே விடுவது என்பதை ஃபயர்வோலில் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது நயவஞ்சகமானது. போஸ்ட்ஃபிக்ஸ் ஓடும், போர்ட் திறந்திருக்கும், அலுவலகத்துக்குள் மெயில் போகும். வெளியே மட்டும் போகாது. பதிவில் "நேம் சேர்விஸ் எரர்" என்று வந்துகொண்டே இருக்கும். ஆனால் அதே சேர்வரில் பிங் அடித்தால் பெயர் சரியாகக் கிடைக்கும். காரணம், டெபியனில் போஸ்ட்ஃபிக்சின் பல பகுதிகள் /வார்/ஸ்பூல்/போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அடைப்புக்குள் ஓடுகின்றன. தொடங்கும்போது, பெயரை முகவரியாக்க எந்த டிஎன்எஸ் சேர்வரைக் கேட்பது என்று சொல்லும் /ஈடிசி/ரிசோல்வ்.கொன்ஃப் கோப்பின் ஒரு பிரதி அந்த அடைப்புக்குள் வைக்கப்படுகிறது. நெட்வொர்க் வருமுன் பிரதி எடுத்தால் அது வெறுமையாக அல்லது பழையதாக இருக்கும். பிறகு உண்மையான கோப்பு சரியானாலும் போஸ்ட்ஃபிக்ஸ் பார்ப்பது தன் பிரதியைத்தான். இரண்டு கோப்பையும் டிஃப் அடித்துப் பாருங்கள், வித்தியாசம் இருந்தால் நோய் இதுதான். போஸ்ட்ஃபிக்சை ரீஸ்டார்ட் செய்தால் அப்போதைக்குத் தீரும்.

நிரந்தரமாகத் தீர, சிஸ்டம்சிடிஎல் கேட் போஸ்ட்ஃபிக்ஸ்@- என்று அடித்து யூனிட்டை வாசியுங்கள். நெட்வொர்க்-ஒன்லைன்.டார்கெட் (நெட்வொர்க் வந்துவிட்டது என்ற கட்டம்) என்ற பெயர் வோன்ட்ஸ், ஆஃப்டர் ஆகிய இரண்டு வரிகளிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் எடிட் செய்து சேருங்கள். இருந்தும் பிழை வருகிறதென்றால், காத்திருக்கச் சொன்ன டார்கெட் உண்மையில் காத்திருக்கவில்லை. டெபியன் நிறுவி, /ஈடிசி/நெட்வொர்க்/இன்டர்ஃபேசஸ் கோப்பில் அலவ்-ஹொட்பிளக் என்று எழுதியிருக்கும். அதை ஓட்டோ என்று மாற்றுங்கள். நெட்வொர்க்மனேஜர் பாவித்தால் நெட்வொர்க்மனேஜர்-வெயிட்-ஒன்லைன் சேவை எனேபிள் ஆகியிருக்க வேண்டும்.

கூடவே சேர்வருக்கு நிலையான முகவரியும் நிலையான டிஎன்எஸ்சும் கொடுத்துவிட்டால், ரவுட்டர் முகவரி தரும் வரை பார்த்துக்கொண்டிருக்கும் வேலையே இல்லை. பாதிக் குழப்பம் அதோடு ஓய்ந்துவிடும்.

மணிக்கூடு

மணிக்கூடு பல வருடம் பின்னால் இருந்தால் டிஎல்எஸ் (இணைப்பைக் குறியாக்கும் முறை) சான்றிதழ் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று தள்ளப்படும், 587ஆம் போர்ட் வழியாக வெளியே அனுப்ப முடியாமல் போகலாம். நல்ல சிஆர்2032 இதற்குப் போதும். ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் 4 வரையான மாதிரிகளில் வன்பொருள் மணிக்கூடே கிடையாது. 5இல் இருக்கிறது, பற்றரியைத் தனியே வாங்கிப் போட வேண்டும். மற்றப்படி பை ஒரு விதத்தில் சுகம்: கரண்ட் கொடுத்தால் தானாக எழும்பும், பயோஸ் தொல்லை இல்லை. எஸ்டி காட்டில் மட்டும் மெயில் பெட்டியை வைக்காதீர்கள்.

நேரம் ஒத்திசையும் வரை சேவைகளைத் தடுத்து வைக்கும் சிஸ்டம்டி-டைம்-வெயிட்-சிங்க் என்ற சேவையை எனேபிள் செய்யச் சிலர் சொல்வார்கள். இன்டர்நெட் அடிக்கடி போகிற இடத்தில் வேண்டாம். லைன் வரும் வரை அதன் பின்னால் நிற்கிற எல்லாமே காத்துக்கிடக்கும்.

விழுந்தால் திருப்பி எழுப்ப

சுடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் போஸ்ட்ஃபிக்ஸ்@-.சேர்விஸ்

[சேர்விஸ்]
ரீஸ்டார்ட்=ஒன்-ஃபெயிலியர்
ரீஸ்டார்ட்செக்=15

டவ்கொட்டுக்கும் இதே. 15 என்ற எண் முக்கியம். அதை எழுதாவிட்டால் சிஸ்டம்டி 0.1 விநாடிக்கு ஒரு தரம் முயலும். 10 விநாடிக்குள் 5 தரம் தோற்றால் கைவிட்டுவிடும் என்பது அதன் வழமை. அதாவது ரவுட்டர் கண் விழிக்குமுன்னே ஐந்து வாய்ப்பும் முடிந்துபோகும். 15 விநாடி இடைவெளி விட்டால் அந்த எல்லையை எட்டவே எட்டாது.

கிளாம்ஏவி வைரஸ் சோதனையை 2 ஜிபி ராம் கணினியில் போட்டிருந்தால் இந்த வரிகளும் காப்பாற்றாது. அது மட்டும் 1 ஜிபிக்கு மேல் விழுங்கும்.

விண்டோஸ் என்றால்

ஸ்டார்ட்அப் கோப்புறையில் போட்ட நிரல், ஒருவர் உள்நுழைந்த பிறகுதான் ஓடும். சேவையாக இருப்பது உள்நுழைவுக்கு முன்பே ஓடும். சேர்விசஸ் ஜன்னலில் மெயில் சேவையைத் திறந்து ஓட்டோமட்டிக், டிலேய்ட் ஸ்டார்ட் என்று வையுங்கள். மற்றச் சேவைகள் எழும்பி ஏறத்தாழ இரண்டு நிமிடம் கழித்துத் தொடங்கும், ரவுட்டருக்கும் அந்த நேரம் போதும். ரிகவரி பகுதியில் மூன்று தோல்விக்கும் ரீஸ்டார்ட் தெரிவு செய்யுங்கள்.

சோதனை

ரீபூட் கட்டளை அடித்துப் பார்ப்பது சோதனை ஆகாது. அதில் கரண்ட் போவதில்லை, பயோஸ் அமைப்பும் யூபிஎஸ்சும் சிஆர்2032உம் சோதிக்கப்படுவதில்லை, ரவுட்டரும் முன்பே எழும்பி நிற்கிறது. முதலில் முறைப்படி ஷட்டவுன் செய்து, சேர்வர், ரவுட்டர் இரண்டின் பிளக்கையும் கழற்றி, பத்து நிமிடம் விட்டுவிட்டு ஒன்றாகக் கொழுவுங்கள். பட்டனைத் தொடாதீர்கள். ஐந்து நிமிடம் கழித்து உள்ளே போய்ப் பாருங்கள்:

சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்ட்
எஸ்எஸ் -எல்டிஎன்பி
ஜேர்னல்சிடிஎல் -பி -யூ போஸ்ட்ஃபிக்ஸ்@-

முதலாவது வெறுமையாக இருக்க வேண்டும். இரண்டாவதில் 25 (மெயில் வாங்க), 587 (அனுப்ப), 993 (பெட்டியைப் படிக்க) ஆகிய மூன்று போர்ட்டும் தெரிய வேண்டும். 25க்கு நேரே 127.0.0.1 மட்டும் இருந்தால் சேர்வர் தன்னோடுதான் பேசிக்கொண்டிருக்கிறது, ஐநெட்_இன்டர்ஃபேசஸ் வரிக்குத் திரும்பிப் போங்கள். மூன்றாவது இந்த பூட்டின் பதிவைக் காட்டும். டெபியன் 12இல் /வார்/லொக்/மெயில்.லொக் கோப்பு இல்லை என்று தேடிக் களைக்க வேண்டாம், ஆர்சிஸ்லொக் பொதியை நிறுவினால்தான் அது வரும்.

பிறகு வெளியே ஒரு முகவரிக்கு மெயில் ஒன்று அனுப்பி, போஸ்ட்கியூ -பி அடியுங்கள். வரிசை வெறுமை என்றால் போய்விட்டது. தங்கியிருந்தால் காரணம் அதே வரிக்குக் கீழே எழுதியிருக்கும். காரணத்தைத் தீர்த்த பிறகு போஸ்ட்கியூ -எஃப் அடித்துத் தள்ளிவிடுங்கள். சும்மா விட்டாலும் 300 விநாடி தொடக்கம் 4000 விநாடி வரையான இடைவெளிகளில் அது திருப்பி முயலும்.

இரண்டாம் தரம் ஷட்டவுன் செய்யாமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கை இழுத்துப் பாருங்கள். மெயில் பெட்டிகளின் பிரதி ஒன்றை முதலில் வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு. யூபிஎஸ் இருந்தால் மூன்றாம் தரம்: சுவர்ப் பிளக்கைக் கழற்றி, சேர்வர் நிற்கத் தொடங்கிய அந்த நொடியில் திருப்பிக் கொழுவுங்கள். இதில் தானாக எழும்பினால் ஐப்பசிக்கு முன் செய்ய வேறொன்றும் மிச்சமில்லை.